தகப்பன் வைத்த நேர்த்தி

ஒக்டோபர் 7, செவ்வாய். ஹாலே

காலையிலிருந்து மூடுபனி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வீட்டுக்காரர் இன்னும் ஹீட்டர் போடவில்லை. கஞ்சன்.

பால். துவைப்பு. அம்மாவுக்குப் பதில். நான்காம் அத்தியாயம்.

இந்த நான்காம் அத்தியாயம்தான் உயிரை வாங்குகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜெர்மனியின் தகப்பன் சக்கரவர்த்தி, மகன் சக்கரவர்த்தி, இரண்டு பேரின் குணமும் அரசியலும். ஆய்வேட்டில் முழுப்பெயர் எழுதி எழுதிக் கை வலிக்கிறது. இங்கே சி.தா. (சிவப்புத் தாடி), ம. (மகன்) போதும்.

சி.தா.: சிரித்த முகம். கோபம் வந்தால் ஊரையே எரிப்பார், தோற்றால் போய்ச் சமாதானம் பேசுவார். படை கேட்டுச் சொந்த மச்சானின் காலில் விழுந்தார் என்று கதை. சாகவில்லை, மலைக்குள் தூங்குகிறார், ஒருநாள் திரும்பி வருவார் என்று இன்னொரு கதை. ம.: மெலிந்த, வெளிறிய ஆள். புத்தகம் படித்தவன். போரிலிருந்து வீடு திரும்பிய வேற்று நாட்டு அரசனைப் பிடித்துவைத்து விலை பேசினான். எதிர்த்தவர்களை விட்டுவைக்கவில்லை.

பேராசிரியை ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "மகனை ஏன் இவ்வளவு வெறுக்கிறாய்?"

வெறுக்கவில்லை. அவன் அப்படித்தான்.

பின்னேரம் பேர்லினிலிருந்து அம்மாவின் போன். "ஞாயிற்றுக்கிழமை பரமேஸ் மாமாவும் மகனும் வருகினம். உன்ர ராசா படுத்திருக்கிற மலைக்குப் போவமெண்டு மாமா சொல்லுறார். அந்த மனுசன்ர பிள்ளை பிழையாப் போகுமே?"

எங்கள் ஆட்கள் மாப்பிள்ளையை விசாரிப்பதில்லை. தகப்பனை விசாரிப்பார்கள். மாமா அப்பாவின் சிநேகிதர், நூர்ன்பெர்க்கில் கடை. அவரைப் பிடிக்காத சனமே இல்லை. எனக்கும் பிடிக்கும். மகன் கௌதமன், எர்லாங்கனில் எஞ்சினியர். அதிகம் கதைக்காத ஆள் என்று கேள்வி.

9, வியாழன்

நூலகத்தில் தூங்கிவிட்டேன். கனவில் மலைக்குள் சி.தா. படுத்திருக்கிறார், கதையில் வருகிற மாதிரியே. தாடி வளர்ந்து கல்மேசையைத் துளைத்து நிலத்தில் ஓடுகிறது. மெத்தென்ற வெளிச்சம். பக்கத்தில் ஒருவர் விழித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை. களைத்த ஆள் என்று மட்டும் தெரிந்தது.

எழும்பியபோது கன்னத்தில் புத்தகத்தின் மடிப்பு. எதிரில் இருந்த பெடியன் சிரித்தான்.

12, ஞாயிறு

கிஃப்ஹொய்சர் மலை. காடு முழுக்க மஞ்சள், வெயில் பால் கலந்த மாதிரி. அம்மா நேற்றே வந்துவிட்டா. புளிச்சாதம், கட்லட், பிளாஸ்க்கில் தேத்தண்ணீர். நினைவுச்சின்னத்துக்கு முன்னால் பாய் விரித்துச் சாப்பிட்ட ஆட்கள் நாங்கள் மட்டும்தான்.

மாமாவுக்குத் தாடி இல்லை. கவனித்தேன்.

கல் சக்கரவர்த்தி பாதி விழித்த மாதிரி இருக்கிறார். மாமா பக்கத்தில் நின்று அதேபோலக் கண்ணைச் சொருகிப் படம் எடுத்தார், யாரோ ஒரு ஜெர்மன் கிழவிகூடக் கைதட்டினா. கௌதமன் தகவல் பலகையை முழுக்க வாசித்துவிட்டு வந்து கேட்டார்:

"இவரின்ர மகன் எங்க?"

"மகனுக்குச் சிலை இல்லை."

"ஏன்?"

"அவர் திரும்பி வரவேணுமெண்டு ஒருத்தரும் ஆசைப்படேல்ல."

தலையாட்டினார்.

தேத்தண்ணீர் குடிக்கும்போது மாமா அம்மாவைப் பார்த்து, "பிள்ளை படிப்பை விடத் தேவையில்லை. இவன் ஹாலேக்கு மாறி வருவான். நான் சொல்லுறன்" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கௌதமன் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு ஏலாது. வேலை அங்க."

அதற்குப் பிறகு எல்லோரும் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

13, திங்கள்

மழை. அம்மா ரெயிலேறும் வரை ஒரே பாட்டு. "தகப்பன்ர வாயை எல்லாருக்கும் முன்னால அடைச்சுப்போட்டான். எண்டாலும் மாமாவுக்காகவெண்டாலும் ஓம் எண்டு சொல்லு பிள்ளை. வெள்ளிக்கு முதல் சொல்லு."

மாமாவைக் கட்டப்போவதில்லையே அம்மா என்று சொல்ல வந்தது. விழுங்கிவிட்டேன்.

அத்தியாயம் ஓரிடத்தில் நிற்கிறது. காசு, கணக்கு, கோட்டை என்றே வாழ்ந்த ம. கடைசியில் சிலுவை எடுத்து, கிழக்கே போருக்குப் போகிறேன் என்று சத்தியம் செய்தான். ஏன்? பாப்பரசரை வளைக்க என்கிறார்கள். நானும் அதையே எழுதிவைத்தேன். வாசித்தால் எனக்கே நம்பிக்கையில்லை.

15, புதன்

கௌதமனுக்கு நானே போன் எடுத்தேன். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ள.

"அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"அப்பா சொல்லுவார். செய்யாட்டி நீங்கள் பிறகு என்னைத்தான் கேப்பீங்கள். அதான் முதலே சொன்னனான்."

பிறகு தானாகவே கதைத்தார். சின்ன வயதில் கடும் காய்ச்சலாம். சுகமானால் பிள்ளை காவடி எடுப்பான் என்று மாமா நேர்ந்தாராம். "வருசா வருசம் எடுக்கிறன். நேர்ந்தவர் நிழலில நிண்டு மோர் குடுப்பார், எல்லாரையும் சிரிக்க வைப்பார்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நல்ல சிரிப்பு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சி.தா.வும் சிலுவை எடுத்தவர். போகிற வழியில் ஆற்றில் மூழ்கிச் செத்தார். நேர்த்தி நிறைவேறவில்லை. அது யார் தலையில் விழும்? எங்கள் வீடுகளில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். புத்தகங்களில் ஒருவரும் எழுதவில்லை. கௌதமனிடம் கடகடவென்று சொன்னேன்.

"பிறகு, அந்த மகன் போனவரோ?"

"கப்பல்கள் வெளிக்கிட்ட நேரம் காய்ச்சலில செத்திட்டார்."

"பாவம்."

இத்தனை வருடம் இத்தனை பேர் எழுதியதில் ம.வுக்கு ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் பார்க்கவில்லை.

பிறகுதான் கேட்டேன். "இந்தக் கலியாணமும் நேர்த்தியோ?"

"உங்கட அப்பான்ர செத்தவீட்டில எங்கட அப்பா உங்கட அம்மாவுக்கு வாக்குக் குடுத்தவர். எனக்கு அண்டைக்கே தெரியும்."

எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை.

"உங்களுக்கு விருப்பமோ?"

"ஒருத்தரும் கேக்கேல்ல."

"நான் கேக்கிறன்."

"யோசிச்சுப் பாக்கேல்ல. ஓம் எண்டு சொல்லத்தான் வந்தனான்."

வைத்துவிட்டு அழுதேன். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் சுகமாக ஓம் சொல்லியிருப்பேன். அவர் தோளில் இன்னொரு காவடியாக ஏற எனக்கு மனமில்லை.

16, வியாழன்

மூடுபனி திரும்ப வந்துவிட்டது. மத்தியானம் மாமாவுக்குப் போன். கடையில் நின்றார்.

"மாமா, எனக்கு இது சரிவராது. அம்மாவுக்குக் குடுத்த வாக்கை நான் திருப்பித் தாறன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவன் சொல்லச் சொன்னவனோ?"

"இல்லை மாமா. இது நான்."

"என்னைப் பற்றி என்னவும் சொன்னவனோ?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடமிருந்து எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நீங்கள் சொன்னதெல்லாம் செய்தவர் மாமா."

கடைக்கதவின் மணி அடித்தது. யாரோ கறிவேப்பிலை இருக்கோ என்று கேட்டார்கள்.

"ஓம் பிள்ளை" என்றார் கடைசியில். "செய்தவன்."

அம்மாவுக்கும் சொன்னேன். போனை வைத்துவிட்டா.

17, வெள்ளி

அம்மா இன்னும் கதைக்கவில்லை. சாப்பாடு: பாண், முட்டை. முழுநாளும் எழுத்து.

பாப்பரசர் பந்தியை வெட்டினேன். ஆதாரம் மெலிந்ததுதான், பேராசிரியை பிடித்து உலுப்புவார், பரவாயில்லை. தகப்பன் வாக்குக் கொடுத்து ஆண்டார், மகன் அந்த வாக்குகளைத் தூக்கிக்கொண்டு ஆண்டான். கடுமை எங்கிருந்து வந்தது என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறது. செய்த கொடுமை கொடுமைதான், அதை வெட்டவில்லை. ம. பெயரில் காதல் பாட்டுகளும் ஏட்டில் இருக்கின்றன. இதுவரை அடிக்குறிப்பில் கிடந்தன. மேலே தூக்கினேன்.

கௌதமனிடமிருந்து ஒன்றுமில்லை. ஏன் இருக்க வேண்டும்.

18, சனி

வெயில். தலைமுழுக்கு. கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போது போன்.

"நான் ஹாலே ஸ்டேசனில நிக்கிறன்."

"மாமா அனுப்பினவரோ?"

"இல்லை. அப்பாவுக்குத் தெரியாது. ஒருத்தரும் வரச் சொல்லேல்ல." பின்னால் ரெயில் அறிவிப்பு. கத்திச் சொன்னார். "நானா வந்தனான். உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ, அடுத்த ட்ரெயினில போறன்."

தலை இன்னும் காயவில்லை. ஸ்டேசனுக்குப் போகிறேன்.