சார்ட் போடுவதற்கு முன்னால்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பியும் சௌக்கியம், நீயும் அங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அதனால் கேள்வியாகவே கேட்கிறேன், சௌக்கியமா? இந்தத் தடவை உண்மையான பதில் வேண்டும். கடிதம் வீட்டுக்கு வராமல் நீ வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபுக்கு வந்திருக்கிறதே என்று பதறாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் கண் ஆபரேஷன் சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார், சரியாகவே சொன்னார், டாக்டரைவிட அவருக்குத்தான் பெருமை. ஆனால் ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது, குட்டி வந்துட்டாளா, ரயில் லேட்டா என்று இரண்டு தடவை கேட்டார். வெயிட்டிங் லிஸ்ட் கிளியர் ஆகலையாம் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது. ஏன் என்று எழுதுகிறேன், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

நான் சந்தேகப் பிராணி என்று நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து கேலி பேசாத நாளில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள் வேறு எப்படி இருப்பேன்? ஒரு சட்டையைக் கையில் கொடுத்தால் ஊரெல்லாம் காலரைப் பார்க்கும், என் கண் தையல் முடிகிற இடத்துக்குத்தான் போகும், நூல் விட்டால் அங்கேதான் விட்டிருக்கும். தம்பிக்குச் செருப்பு வாங்கினாலும் இரண்டும் ஒரே அளவா என்று தரையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்குவேன். அப்பா என்னைப் போலீஸ் என்று கூப்பிடுவார், கூப்பிட்டுக்கொள்ளட்டும். போலீஸ் சும்மா இருந்த இரண்டு தடவையும் நீ வரவில்லை. தம்பி வேலையில் சேர்ந்தபோது வெயிட்டிங் லிஸ்ட், நான் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தபோதும் வெயிட்டிங் லிஸ்ட். நானும் ரயில்வேக்காரனைத் திட்டிவிட்டு விட்டுவிட்டேன். பதினாலு மாதமாகிறது உன் முகத்தை நேரில் பார்த்து.

இந்தத் தடவை நீ லேப் கம்ப்யூட்டரில் டிக்கெட் எடுத்துவிட்டு, லேப் போனிலிருந்தே கூப்பிட்டு டிக்கெட்டின் பத்து இலக்க நம்பரைச் சொன்னாய். அம்மா, வெயிட்டிங் பதினாலு, தெனமும் பாத்துக்கோ, இந்தத் தடவ எப்படியும் வந்துடுவேன் என்றாய். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் விடுவேனா, தினமும் காலையில் தம்பியின் போனைப் பிடுங்கிப் பார்த்துக் காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைத்தேன். முதல் நாளே எனக்குச் சந்தேகம், ஒரே வரியில் பதினாலு என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுண்ட்டருக்கே போய் நின்றேன். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள், பொறுமைசாலி. முதல் நம்பர் டிக்கெட் எடுத்த அன்றைக்கு இருந்த நிலவரம், அது கடைசிவரைக்கும் மாறாது, இரண்டாவது இன்றைய நிலவரம், முன்னால் இருக்கிறவர்கள் கேன்சல் செய்யச் செய்ய அது இறங்கும் என்றாள். இறங்கி வந்தால் முதலில் ஆர்.ஏ.சி., அதாவது ஒரே படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம், ஏற விடுவார்கள். அதையும் தாண்டினால் கன்ஃபார்ம். பெட்டி நம்பர், படுக்கை நம்பர் எல்லாம் வண்டி கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் சார்ட் போடும்போதுதான் தெரியும். நடுவில் யாராவது புகுந்து என் பெண்ணின் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன். எங்க வீட்டு ஆளுங்களுக்கே என்னால எடம் வாங்கித் தர முடியலம்மா என்று சிரித்தாள்.

திங்கள் பதினாலு, செவ்வாய் ஒன்பது, புதன் ஆர்.ஏ.சி. ஆறு, வியாழன் கன்ஃபார்ம். குட்டிம்மா, வியாழக்கிழமை காலையில் நீ கன்ஃபார்ம். எனக்குத் தலைகால் புரியவில்லை, ஆனாலும் நீ வண்டி ஏறும்வரை யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன், அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். சார்ட் போட்டுட்டாங்க அத்தை, கிளியர் ஆகல, இவளும் பாவம் ரொம்ப ஆசையா இருந்தா என்றார். நீயும் பக்கத்திலிருந்து ஆமாம்மா என்றாய், அவ்வளவுதான். வண்டி அன்றைக்கு இரவு ஒன்பது மணிக்கு, சார்ட் சாயங்காலம் ஐந்துக்கு. காலை பத்து மணிக்கு எந்தச் சார்ட்டைப் பார்த்தார்? ஆனாலும் சரி மாப்பிள்ளை, உடம்பைப் பாத்துக்கோங்க என்று மட்டும் சொல்லி வைத்தேன். உடனே தம்பியின் போனில் பார்த்தால், கேன்சல் என்று இருக்கிறது.

மறுபடியும் அந்த அம்மாளிடம் ஓடினேன். மெஷின் தானாகக் கேன்சல் செய்யாதா என்று கேட்டேன், அப்படித்தான் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது. செய்யும்மா, ஆனா சார்ட் போட்டப்புறம், அதுவும் வெயிட்டிங்லயே நிக்கறத மட்டும்தான், கன்ஃபார்ம் ஆனத மெஷின் தொடாது, டிக்கெட் எடுத்த அக்கவுண்ட்லேர்ந்து யாரோ கேன்சல் பண்ணியிருக்காங்க என்றாள். பழைய இரண்டு டிக்கெட்டையும் பார்த்துச் சொல்லச் சொன்னேன், அதெல்லாம் இப்போது திறக்காதாம். அது போகட்டும், தெரிந்தவரைக்கும் போதும்.

மறைக்காமல் சொல்கிறேன், முதலில் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். பிறந்த வீடு அலுத்துவிட்டதோ, வர மனமில்லாமல் ரயிலின் மேல் பழி போடுகிறாளோ என்று இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அதற்காக என்னை மன்னித்துவிடு. வந்துடுவேன் என்று சொன்ன அந்தக் குரலில் பொய் இல்லை. அப்புறம்தான், அந்த அக்கவுண்டை மாப்பிள்ளை தன் நம்பரைக் கொடுத்துத் திறந்து வைத்தார், மெசேஜெல்லாம் அவர் போனுக்குத்தான் வரும் என்று நீயே எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு நூல் விட்டால் பக்கத்துத் தையலையும் இழுத்துப் பார்ப்பதுதான் என் வேலை, இழுத்தேன், எல்லாம் வருகிறது. உன் போன் ரிப்பேர் என்று நாலு மாதமாகக் கேட்கிறேன், நாலு மாதம் எந்த ஊரில் போன் ரிப்பேர் செய்கிறார்கள்? அவர் போனில் நாம் பேசும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு இருமல் கேட்கிறது. நான் கேட்பதற்கு முன்னாலேயே நல்லா இருக்கேம்மா என்கிறாய். சின்ன வயதில் நீ காய்ச்சலை மறைக்கும்போதுதான் அப்படி முந்திக்கொண்டு சொல்வாய். சார்ட் போட்டுவிட்டார்கள் என்று அவர் சொன்னதை நீ நம்பினாயா, நம்பியது போல இருந்தாயா? எனக்கு இந்த ஒன்று தெரிந்தாக வேண்டும்.

லேபுக்குப் போன் செய்தேன், சொந்த விஷயத்துக்குக் கூப்பிடக் கூடாது என்று வாசலில் இருக்கிற பெண் வைத்துவிட்டாள். நாலு பேர் நடுவில் நீயும் என்ன பேசிவிடுவாய், அதனால்தான் கடிதம். என் சந்தேகம் தப்பாக இருந்தால் அதைவிட எனக்குச் சந்தோஷம் கிடையாது, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன், ஆயுசுக்கும் என்னைப் போலீஸ் என்று நீங்கள் எல்லோரும் சிரியுங்கள். அப்பாவிடம் நேற்றுத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம்போல உனக்கு வேற வேலையில்ல என்பார் என்று நினைத்தேன். காலண்டர் தாளை வாங்கி, ஆபரேஷன் ஆன கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், எப்ப கெளம்பறே என்று கேட்டார்.

ஆமாம், கிளம்புகிறேன். அந்த அம்மாளிடமே உன் ஊரிலிருந்து இங்கே வருவதற்குக் கவுண்ட்டரில் காகித டிக்கெட் எடுத்துவிட்டேன், வருகிற பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, பகல் பதினொன்று இருபது வண்டி. கேன்சல் செய்ய வேண்டுமானால் இந்தக் காகிதத்தைக் கையில் கொண்டுவர வேண்டும் என்றாள், நம்பர் கேட்டபோது என் நம்பரைக் கொடுத்தேன், சரியாக அடித்தாளா என்று எட்டிப் பார்த்தும் கொண்டேன். டிக்கெட்டை இந்தக் கவரில் வைக்கலாம் என்று எடுத்தேன், வைக்கவில்லை, உன் பையில் யார் கை வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கம்பெனியில் லீவு கேட்டதற்கு எதுக்கு என்றான் சூப்பர்வைசர், செக்கிங்குக்கு என்றேன்.

கடைசியாக ஒரு ஞாபகப்படுத்தல், படித்து முடித்ததும் இதைக் கிழித்து உங்கள் லேபில் ரத்தப் பஞ்சு போடுகிற மஞ்சள் தொட்டியில் போட்டுவிடு, அதில் யாரும் கை விடமாட்டார்கள். பதில் எழுத வேண்டாம், பெட்டி கட்ட வேண்டாம், வேலைக்குக் கிளம்புவது போலவே கைப்பையோடு வா, உன் துணிமணி இங்கே அலமாரியில் அப்படியேதான் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயது நிம்மதியாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. எத்தனை பேர் என்று கவுண்ட்டரில் கேட்டபோது இரண்டு பேர் என்றேன், இரண்டு இடமும் அடுத்தடுத்து, இரண்டும் கன்ஃபார்ம். அன்று காலை எட்டு மணிக்கே வந்து இறங்கி முதல் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பேன். பதினொன்று பத்துவரை பார்ப்பேன். உன்னைக் காணவில்லை என்றால் வண்டி போனால் போகட்டும், நேராக லேபுக்கு வருவேன், அங்கேயும் நீ இல்லையென்றால் உன் வீட்டுக் கதவைத் தட்டுவேன், யார் திறந்தாலும் உன்னைப் பார்க்காமல் அந்த வாசலை விட்டு நகரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா