வாசலடியில் ஒரு பைப்

12.06.2023, திங்கள்

கதிரையில் ஆறாவது நாள். இருபத்தெட்டு வருடம் கல்லுக்கு முன்னால் முழங்காலில் நின்றவனுக்கு இப்போது மேசைக்கு முன்னால் இருந்து முதுகு வலிக்கிறது. டொக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார், இனிக் கல் பதிக்கிற வேலை கிடையாது. வலது முழங்காலில் சவ்வு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறதாம். அதை எனக்குப் படம் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை.

முதலாளி அம்மா, பிரவ் ஸ்டெட்லர், என்னைக் கந்தோருக்குள் எடுத்திருக்கிறார். வீடுகளுக்கு நான் தனியாகத் தோட்டம், பாதை, படி எல்லாவற்றுக்கும் பிளான் போட வேண்டும். ஒரு வருடம் பார்ப்பாராம். முறைப்பாடு வராவிட்டால் இந்தக் கதிரை எனக்கு. வந்தால்? ஐம்பத்திநாலு வயதில், இந்தக் காலோடு, வேறு யார் எடுப்பார்கள்?

மனைவி தயாநிதி வேலை எப்படி என்று கேட்டாள். நல்லம் என்றேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் தேத்தண்ணி தந்தாள்.

21.06.2023

முதல் பிளான் எங்கடை ஆளுக்கே. தவச்செல்வன், ட்ராம் பட்டறையில் வேலை. மனைவி இராஜேஸ்வரி ஆஸ்பத்திரிக் குசினியில். பேர்ண் நகரிலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம், அறுபதுகளில் கட்டிய வீடு. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு வாங்கியிருக்கிறார்கள். வாசல் வடக்கே பார்க்கிறது. பழைய படிகள் வெடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. கட்டியவன் கீழே ஒழுங்காகத் தோண்டவில்லை. மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்து ஊதினால் எந்தக் கல்லும் அசையும். எண்பது சென்ரிமீற்றர் தோண்டிச் சல்லி நிரப்ப வேண்டும்.

தவச்செல்வனுக்குக் கறுப்புக் கருங்கல் வேண்டுமாம், முகம் தெரிகிற மினுக்கம். கோயில் மாதிரி இருக்க வேண்டுமாம். எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னேன். சிரித்தார். நெஞ்சு அடைப்புக்கு உள்ளே இரண்டு ஸ்பிரிங் வைத்திருக்கிற மனிசன், ஆசைப்பட்டதைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

போகிற நேரம் கதவுக்கு வலப்பக்கச் சுவரைக் காட்டினார்.

"இவடத்திலை ஒரு பைப் வேணும் சிறி அண்ணை. ஏனெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"ஓம், தெரியும்" என்றேன்.

செத்த வீட்டுக்குப் போய் வந்தால் காலைக் கழுவாமல் வீட்டுக்குள் போக ஏலாது. பிளாட்டில் இருந்த காலமெல்லாம் யாராவது போத்தலில் தண்ணீரோடு கீழே நிற்பார்கள். இப்போது சொந்த வீடு, சொந்த வாசல். குடிபூர முதலே செத்த வீடு என்ற சொல்லை வாயில் எடுக்க அவருக்கு மனமில்லை. எனக்கும்தான்.

04.07.2023

பிரவ் ஸ்டெட்லர் பிளானைப் பார்த்தார். தோட்டம் பின்னால் இருக்க, வாசலில் எதற்குத் தண்ணீர் என்று கேட்டார். பூச்சட்டிகளுக்கு என்றேன். எதற்குப் பாவிப்பது என்று எழுதுகிற "பாவனை" கட்டத்திலும் அப்படியே எழுதியிருக்கிறேன். அவருக்கு விளக்கப் போனால் பாடையில் தொடங்கிச் சாம்பல் வரைக்கும் போக வேண்டும். யாருக்கு அந்த அலுப்பு?

பூச்சட்டிக்கு என்றால் சாதாரண பைப் போதும். தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமல், குளிர் தொடங்க முதல் உள்ளே பூட்டி வடித்துவிடலாம். சிந்துகிற தண்ணீர் பாதைச் சரிவிலேயே போகட்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

13.09.2023

பெடியள் தோண்டுகிறார்கள். நான் மேலே சப்பாத்தில் மண் படாமல் நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

27.10.2023, வெள்ளி

குடிபூரல். காலை ஏழுக்கு முகூர்த்தம். வேலை புதன்கிழமைதான் முடிந்தது. பால் பொங்கினது. வந்தவர்கள் எல்லோரும் படியைத்தான் பார்த்தார்கள். இராஜேஸ்வரி தன் முகம் தெரிகிறது என்று குனிந்து பார்த்துச் சிரித்தா. எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்ததுதான், இல்லை என்று ஏன் சொல்வான்.

பராமரிப்புத் தாளைக் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தேன். ஐஸ் கரைய உப்புப் போடக் கூடாது, கல்லைத் தின்னும். அடுத்த கிழமை பைப்பைப் பூட்டிவிட வேண்டும். தவச்செல்வன் தலையாட்டினார்.

02.12.2023

முதல் பனி. முழங்கால் எனக்கு முதலே சொல்லிவிட்டது.

19.01.2024, வெள்ளி

தவச்செல்வனின் தமையன் மகேஸ்வரனின் செத்த வீடு. நித்திரையிலேயே போய்விட்டார். எரியூட்டு முடிய எல்லோரும் தவச்செல்வன் வீட்டுக்குப் போனார்கள். நான் கந்தோருக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

மத்தியானமே குளிர் மறை ஆறு பாகை.

20.01.2024

இராஜேஸ்வரி விழுந்துவிட்டா.

காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வெளிக்கிட்டவ. கதவைத் திறந்து இரண்டாவது அடி. இடுப்பெலும்பு. தவச்செல்வன் மேலே மருந்து போட்டுவிட்டுப் படுத்திருந்தார், சத்தம் கேட்கவில்லை. இருபது நிமிடம் அந்தக் கல்லில் கிடந்திருக்கிறா, மறை ஒன்பதில். பத்திரிகை போடுகிற பெண்தான் கண்டது.

போய்ப் பார்த்தேன். கதவிலிருந்து கடைசிப் படி வரைக்கும் ஐஸ். பனி விழுந்து வந்ததில்லை அது. தண்ணீர் ஊற்றி வந்த ஐஸ், கண்ணாடி மாதிரி. பைப் பூட்டியிருக்கிறது, நான்தானே பூட்டச் சொன்னேன். அதனால் கைக்குழந்தையோடு வீட்டில் நின்ற மருமகள் ரிஷானி வாளி வாளியாகச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறாள். இருபது பேர் கழுவியிருக்கிறார்கள். தண்ணீர் எங்கே போகும்? நான் விட்ட சரிவிலே படியால்தான் இறங்கும். மினுங்கல் கல்லு. வடக்கு வாசல், பங்குனி வரைக்கும் வெயில் எட்டியும் பாராது. உப்புப் போடாதேங்கோ எண்டும் நான்தான் சொன்னனான்.

சனம் கோடையிலை மட்டுந்தான் சாகுமெண்டு நினைச்சே பிளான் போட்டனி? விசரா.

24.01.2024

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவ வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரி. ஒப்பரேஷன் முடிந்து படுத்திருந்து, தங்கள் குசினிச் சூப்பில் உப்பில்லை என்று குறை சொல்கிறா. திரும்ப நின்று வேலை செய்வாவோ என்று டொக்டர்மாருக்கே தெரியாது.

தவச்செல்வன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"ஸ்னோவிலை சறுக்கினதெண்டு இன்சூரன்சுக்குச் சொல்லியாச்சு அண்ணை. உங்கடை கொம்பனிப் பேர் வராது. நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ."

என் கதிரையைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி இடுப்பு உடைந்து கிடக்கிறா, இந்த மனிசன் என்னைக் காப்பாற்றுகிறார். நான் என்ன செய்தேன்? கையைப் பிடித்தேன். நன்றி என்றும் சொன்னேன். 

29.01.2024

ஒருத்தருக்கும் தெரியாது. கேட்க மாட்டார்கள். ஜூனில் ஒரு வருடம் முடியும். இன்னும் நாலரை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் அந்தக் கல் அங்கேதான் கிடக்கிறது. பனியும் அடுத்த வருடம் வரும்.

தயாநிதியிடம் சொன்னேன். அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து இருந்தாள். பிறகு, "அந்த மனிசி ஊன்றுகோலோடை அந்தப் படியிலைதானே இறங்க வேணும்" என்றாள். அவ்வளவுதான்.

02.02.2024, வெள்ளி

சொல்லிவிட்டேன். காலையிலேயே, கோப்பி குடிக்க முதல். பிளானை விரித்து வைத்து, "பாவனை" என்ற கட்டத்தைக் காட்டி, இது பொய் என்றேன். பாடை முதல் சாம்பல் வரைக்கும் எல்லாம் சொன்னேன். ஏழு நிமிடம்கூட எடுக்கவில்லை. ஜூலையில் அந்த ஏழு நிமிடத்துக்குத்தான் பஞ்சிப்பட்டேன்.

பிரவ் ஸ்டெட்லருக்கு முகம் சிவந்துவிட்டது. பிழை விட்டதற்கு இல்லை, தன்னிடம் மறைத்ததற்கு. பைப் எதற்கு என்று தெரிந்திருந்தால் பயிற்சிக்கு வருகிறவன்கூட வாசலில் தண்ணீர் போகும் கான் வைத்திருப்பான் என்றார். உண்மை. பிறகு தன் காப்புறுதிக்கு ரெலிபோன் எடுத்தார். கதிரையைப் பற்றி ஜூனில் கதைப்பமாம்.

வெளியே வந்து காருக்குள் இருந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்குத்தான் மத்தியானச் சோறு ருசித்தது.

08.04.2024

படி உடைக்கிறோம். கொம்பனிப் பொறுப்பு. முடியும் வரை நான் அங்கேயே நிற்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. இராஜேஸ்வரி கோலோடு ஜன்னலடியில் இருந்து பார்க்கிறா. ஆஸ்பத்திரி வேலை போய்விட்டது. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பத்து மணிக்குத் தானே தேத்தண்ணி போட்டு ரிஷானியிடம் கொடுத்துவிட்டிருந்தா. சீனி கூட.

இந்த முறை தீயில் சுட்ட, சொரசொரத்த கல். உறையாத பைப், பூட்டு சுவருக்கு உள்ளே, கைபிடி மட்டும் வெளியே. வாசலுக்குக் குறுக்கே ஒரு கான், தண்ணீர் படிக்கு வர முதலே விழுந்து, ஆழத்தில் சல்லிக்குழிக்குப் போய்விடும்.

கானின் அளவு தெரிய வேண்டும். தவச்செல்வனிடம் நேராகவே கேட்டேன், செத்த வீட்டால் வந்து ஒரே நேரத்தில் எத்தனை பேர் கழுவுவார்கள் என்று. முதல் தரம் அந்தச் சொல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை.

யோசித்தார். பிறகு கண்ணைச் சிமிட்டினார்.

"என்ரை எண்டால் ஒரு அறுபது பேர் வருவினம் அண்ணை. கஞ்சத்தனம் பாராமல் பெரிசாப் போடுங்கோ."

ஜன்னலுக்குள்ளிருந்து இராஜேஸ்வரி ஏசினது தெருவுக்கே கேட்டது.

"பாவனை" கட்டத்தில் ஜெர்மனில் எழுதினேன்: மரணச் சடங்கிலிருந்து வந்து கால் கழுவ. பனிக்காலத்திலும். அறுபது பேர்.

14.06.2024

கதிரை தருகிறாராம். பாதி நேரத்துக்கு மட்டும். மிச்சத்தைப் பிறகு பார்ப்பமாம். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கொம்பனியின் முதல் சந்திப்புத் தாளில் பிரவ் ஸ்டெட்லர் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்: இந்த இடத்தில் குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள்? நேற்று ஒரு கிழவர் அதற்கு, சிகரெட் பிடிப்பேன், மனைவிக்குச் சொல்லிவிடாதே என்றார். அவருக்குக் கூரையோடு ஒரு மூலை போட்டுக் கொடுத்தேன்.

11.11.2024

தவச்செல்வனைத் திரும்ப ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். நெஞ்சுதான். போய்ப் பார்த்தேன். பைப் வேலை செய்கிறதா என்று கேட்டார். இன்னும் தேவை வரவில்லையே என்றேன். வரும் என்றார்.

23.12.2024

போய்விட்டார்.

27.12.2024, வெள்ளி

மறை எட்டு. ஜெனீவாவிலிருந்தும் இன்டர்லாக்கனிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எரியூட்டு முடிந்து எல்லோரும் வீட்டு வாசலில் வரிசையாக நின்றோம். சப்பாத்தும் மேசும் கழற்றி, வெறுங்காலோடு, ஒவ்வொருவராக. பைப்பைத் திறந்தது நான்தான். வந்தது தண்ணீர். கானுக்குள் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அறுபது என்றவர். நான் எண்ணினேன். எண்பத்திமூன்று.

இராஜேஸ்வரி கடைசியாக வந்தா. கோலை ரிஷானியிடம் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்தா. நான் அவவின் காலுக்குத் தண்ணீர் விட்டேன். குந்த முழங்கால் விடவில்லை, அதனால் மண்டியிட்டேன்.

"வழுக்கேல்லை அண்ணை" என்றா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவவுக்கு முன்னால்.

28.12.2024

காலை ஐந்தேகாலுக்குப் போய்ப் பார்த்தேன். மறை பத்து. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையுறையைக் கழற்றிக் கதவிலிருந்து கடைசிப் படி வரைக்கும் ஒவ்வொரு கல்லாகத் தடவினேன்.

காய்ந்திருந்தது.