வத்தல் களத்து விரிசல்

பாசமுள்ள பொய்க்காரி என் அக்காவுக்கு,

உன்மேல் உள்ள கோபத்தில் எழுதுகிறேன். அம்மா விழித்தால் நோட்டைப் பிடுங்கிவிடுவாள். உன் பெயரை எடுத்தாலே வீட்டில் அழுகைதான்.

விடிந்தால் கோவில்பட்டியில் போட்டி. ஸ்கேட்ஸ் கட்டிக்கொண்டு பாட்டுக்கு ஆட வேண்டும். ஆட்டம் முழுக்க நீ அமைத்துக் கொடுத்தது. நீயோ நாலு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாய். இப்போது என்னைப் பழக்குவது ஸ்கேட்டிங் மாஸ்டர். நேராக வந்து சட்டென்று இடப்பக்கம் வளைவேனே, அந்த இடம் அவருக்கு ஆகவே ஆகாது.

"ஏட்டி, நேரா வாயேன்! எதுக்கு வளையுத? அங்கன என்ன குழியா கெடக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்துகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நாளை வளைந்தால் இனி இந்தப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டார்.

நீ என்ன சொன்னாய்? "இதுக்குப் பேரு மான் வளைவுட்டி. பாக்குறவிய கண்ணு உன்னைய விட்டு நகராது." நம்பினேன்.

இன்று சாயங்காலம், மிளகாய் காயப்போடும் நம் வத்தல் களத்துக்குப் போனேன். மிளகாய் விதையைக் கூட்டித் தள்ளிவிட்டு நாம் பழகிய அதே சிமெண்டுத் தளம். அடியில் கரிசல் வெடித்து, நட்டநடுவில் தளம் பிளந்து கிடக்கிறது. பூசுவதற்கு அப்பா சிமெண்டு மூட்டை வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த விரிசலைத் தினமும் பார்த்தவள்தான். அதில் சக்கரம் மாட்டாமலிருக்கத்தான் வளையச் சொன்னாய் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. மானாவது, மண்ணாவது!

ஆத்திரத்தில் ஸ்கேட்ஸைக் கட்டி, விரிசல் இல்லாத ஓரமாக நேரே வந்து பார்த்தேன். அடுத்த குதிப்புக்கு உடம்பு சுழலவே இல்லை. மூன்று முறை விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. பிறகு வளைந்து வந்தேன். அந்த வளைவே என்னைத் தூக்கிச் சுழற்றி இறக்கிவிட்டது.

விரிசலுக்குப் பயந்து வைத்த வளைவின் மேல்தான் குதிப்பையே கட்டியிருக்கிறாய். இதை ஏன் சொல்லாமல் போனாய்? மாஸ்டரிடம் நான் எப்படிச் சொல்வேன்? அவர் முறைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியாதா?

ஆனாலும் நாளை வளையத்தான் போகிறேன். அவர் விரட்டினால் களத்துக்கே திரும்பி வருவேன். விழுந்தாலும் ஜெயித்தாலும் உன்னை மன்னிக்க மாட்டேன், அக்கா. அந்த விரிசலை மட்டும் யாரையும் பூச விடமாட்டேன்.

கோபம் தீராத உன் தங்கச்சி,
மாரி
நாகலாபுரம்