நீலக்கரைப் பீங்கான்

கானோ, நைஜீரியா
12.01.1980

அன்புள்ள ஸவாஹிரா,

நான் நலம். நீயும் உம்மாவும் நலம்தானே? இங்கே பாலைவனத் தூசிக்காற்று. விடைத்தாளைத் திருத்தி முடிப்பதற்குள் அதன்மேல் விரலால் எழுதலாம். பதுளை மழையைத் திட்டியதற்கெல்லாம் இதுதான் தண்டனை.

ஒரு செய்தி. இங்கிலாந்தில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். மார்ச் முடிவதற்குள் நீண்ட கட்டுரை ஒன்றும் எழுதி அனுப்ப வேண்டும். பகலெல்லாம் பள்ளிக்கூடம். மாலையில் எழுதலாம் என்றால், பக்கத்து வீட்டு ஹாஜியா லாமி ஒரு பீங்கான் நிறையப் பயற்று வடை அனுப்பினாள். வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்புவதா? ரொட்டி சுட்டு நிரப்பிக் கொடுத்தேன். அவளுக்கும் அதே பழக்கமாம், மறுநாளே நிரப்பி அனுப்பிவிட்டாள். மூன்று வாரமாக இந்தப் பீங்கான் ஓயவில்லை. போகும்போதெல்லாம் சைகையும் அரைகுறை மொழியுமாக ஒரு மணி நேரம் பேச்சு வேறு. ஞாயிறு என்றால் கனகரத்தினம் மாஸ்டர் வீட்டில் இலங்கை ஆசிரியர்கள் எல்லாரும் கூடிச் சீட்டாட்டம். போகாவிட்டால் கோபம்.

நீயும் கோபிக்காதே. ஒப்பந்தம் முடிந்து செப்டெம்பரில் வந்து நம் பள்ளிக்கூடத்தில் இராக்கம்மா படிக்கும் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுப்பேன் என்று சொன்னது நான்தான். இடம் கிடைத்தால் ஒரு வருடம் தள்ளிப் போகும். கிடைக்கப் போகிறதா என்ன?

உன்
யோகம்மா

பதுளை
06.02.1980

அன்புள்ள யோகம்,

கோபிக்காதே என்கிறாய். கோபித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ போனதிலிருந்து என் கணிதத்தோடு உன் விஞ்ஞானத்தையும் நானே சுமக்கிறேன். பிள்ளைகள் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று இரவெல்லாம் பாடப்புத்தகத்தைப் புரட்டுகிறேன். ஆசிரியை இல்லாத வகுப்பை மூடிவிடலாம் என்றார் அதிபர். யோகம் செப்டெம்பரில் வருவாள் என்று சொல்லித் தடுத்து வைத்திருக்கிறேன். நேற்று இராக்கம்மா கேட்டாள். மடுல்சீமையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிற பிள்ளை.

"யோகம்மா டீச்சர் மெய்யாவே வருவாங்களா? இல்லாட்டி நாங்க இப்பவே வர்த்தகப் பிரிவுக்கு மாறிக்கிறோம் டீச்சர்."

வருவார் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதே.

பீங்கான் கதையைக் கேட்டு உம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். "பீங்கானத் தூக்கிக்கிட்டு ஓடுற நேரத்துல வாயத் தொறந்து விஷயத்தச் சொல்லச் சொல்லு மகள்" என்கிறார். கட்டுரையை ஒழுங்காக எழுது. எழுதுவதென்றான பிறகு அரைகுறையாக எழுதாதே.

உன்
ஸவாஹிரா

கானோ
30.03.1980

அன்புள்ள ஸவாஹிரா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நீ சொன்னதில் ஒன்றுகூடப் பிழையில்லை.

உம்மா சொன்னபடி விஷயத்தைச் சொல்ல ஹாஜியாவிடம் போனேன். என் மாணவியான அவள் மகள்தான் மொழிபெயர்த்தாள். ஹாஜியா கேட்டுவிட்டுப் பீங்கானை மறுபடி நிரப்பி என் கையில் வைத்தாள். "இது உன்னிடமே இருக்கட்டும். பதில் வந்த பிறகு கொண்டு வா. அதுவரை நீ எனக்குக் கடன்காரி" என்றாளாம். அன்றிலிருந்து மாலையில் என் வாசலில் ஒரு பிள்ளையையும் விளையாட விடுவதில்லை.

சீட்டுப் பைத்தியம் என்று நான் ஏசிய கனகரத்தினம் மாஸ்டர் கட்டுரை முழுவதையும் தட்டச்சுச் செய்து தந்தார். விடைத்தாள்களைச் சீட்டாடும் கூட்டமே பங்குபோட்டுத் திருத்தியது. இவர்கள் என் நேரத்தைத் தின்கிறார்கள் என்றல்லவா உனக்கு எழுதினேன்! நன்றி சொல்லப் போனால் சீட்டைக் கலைத்து என் முன்னால் போடுகிறார்கள்.

விண்ணப்பம் போய்விட்டது.

யோகம்மா

கானோ
01.06.1980

என் ஸவாஹிரா,

இடம் கிடைத்துவிட்டது. உதவிப் பணத்தோடு.

ஹாஜியாவின் பீங்கானில் வட்டிலப்பம் வைத்துக் கொடுத்தேன், உன் வீட்டுப் பக்குவத்தில். கித்துள் கருப்பட்டி ஏது? சீனியைக் கருக்கிச் சமாளித்தேன். நின்றபடியே முழுவதையும் தின்றுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் அலுமாரியில் இன்னொரு பீங்கான். நான் புறப்பட்ட நாளில் பதுளை ஸ்டேசனில் வட்டிலப்பத்தோடு நீ கொடுத்த நீலக்கரைப் பீங்கான். இரண்டு வருடமாக அதைத் திருப்பாமல் இருக்கிறேன். யார் யாருக்கோ நன்றி சொன்னேன், முதலில் சொல்லியிருக்க வேண்டியது உனக்கு.

ஒக்டோபரில் இங்கிலாந்துக்குப் போனால், அடுத்த வருடம் பிள்ளைகளின் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் ஊருக்கு வர முடியும். ஜூலை முடிவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். நீ வா என்றால் வருகிறேன். மனதார எழுதுகிறேன்.

உன்
யோகம்

பதுளை
20.06.1980

என் யோகம்,

கடிதத்தை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். வா என்று எழுத ஆசையாக இருந்தது. அதையும் நீ அறிந்துகொள்.

மூன்றாம் நாள் வகுப்பில் உண்மையைச் சொன்னேன். இராக்கம்மா எழுந்தாள்.

"அப்ப நீங்களே எடுங்க டீச்சர். தெரியாதத சேந்து படிச்சுக்குவோம்."

வர்த்தகத்துக்கு ஒருவரும் மாறவில்லை. அதிபரிடமும் இனி இது என் வகுப்பு என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் கைலேஞ்சி போட்டு இடம் பிடிப்பதுபோல இத்தனை நாளும் உனக்காகப் பிடித்து வைத்திருந்தேன். இப்போது நானே உட்கார்ந்துவிட்டேன். இடம் நன்றாகத்தான் இருக்கிறது, யோகம்.

நீ இங்கிலாந்துக்குப் போ. ஹாஜியாவுக்கு இருக்கும் மனது பதுளைக்காரிக்கு இருக்கக் கூடாதா? பீங்கானைத் தபாலில் மட்டும் அனுப்பிவிடாதே, உடைந்துவிடும். உன்னிடமே இருக்கட்டும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நீயே கையில் கொண்டு வா.

வகுப்பு முழுவதற்கும் காணும்படி நிரப்பிக் கொண்டு வா.

உன்
ஸவாஹிரா