வாப்பாவின் பம்பும் என் பூஞ்சையும்

ஜூலை 9, 1986. புதன்.

மழை. பம்பாய், குர்லா தண்டவாள ஓரம், மாமியின் சோளக்கொல்லையில் களையெடுப்பு. முழங்கால் உயரச் சோளம், குருத்தெல்லாம் ஓட்டை. தண்டுப்புழு. இப்படியே விட்டால் மாமி ‘புட்டா’ என்று கூவிச் சுட்டு விற்க ஒரு கதிர்கூட மிஞ்சாது.

வாப்பா: “மருந்து டின் வாங்கியாச்சு. ஞாயித்துக்கெழம அடிச்சிருவோம்.”

போன வருடமும் அதே மருந்து. அடித்த அன்றே மாமிக்கு வாந்தி, மயக்கம், ஒரு வாரம் ஆஸ்பத்திரி. யாரும் அதைப் பேசுவதில்லை. நான் பேசினேன். வாயாடிப் பட்டம், இந்த மாதம் நாலாவது தடவை.

ஒரு குருத்தில் செத்த புழு. மாவில் புரட்டினாற்போல் வெள்ளை. சயன்ஸ் டீச்சர் சொன்ன பூஞ்சை! புழுவைக் கொல்லும், சோற்றில் வளரும்.

வாப்பாவிடம் கெஞ்சவில்லை. சவால்: பூஞ்சையை வளர்த்துப் புழுவை நானே ஒழிக்கிறேன். ஆகஸ்ட் 10 வரை டின்னைத் திறக்கக் கூடாது.

வாப்பாவுக்குத் தோல் பட்டறை. பூஞ்சை என்றாலே ஆகாது. “ஒரு மழைக்கு அடுக்கு அடுக்கா தோலைத் தின்னுட்டுப் போற சனியன். அதுக்குச் சோறு போட்டு வளக்கப் போறியாட்டி?”

“உங்களுக்கு எதிரி, எனக்குக் கூலியாள் வாப்பா.”

மாமி சிரித்துவிட்டார். தவணை கிடைத்தது.

ஜூலை 20. ஞாயிறு.

ஜாம் பாட்டில், இட்லிப் பானையில் வேகவைத்த சோறு, அந்தப் புழு. பதினோரு நாளில் சோறெல்லாம் வெள்ளைப் பஞ்சு.

உம்மா: “ஊசுன சோத்த ஒளிச்சு வைக்கிற பிள்ளைய இப்பத்தான் பாக்கேன். இனி வீட்டுல வச்சேன்னா, தூக்கிப் போட்ருவேன்.”

வேறு இடம் பார்த்தாயிற்று. எங்கே என்று இங்கேகூட எழுதமாட்டேன்.

சாயங்காலம் பாதிச் சோற்றைக் கரைத்து, வடிகட்டி, பட்டறைக் கைப்பம்பால் குருத்துக் குருத்தாக அடித்தேன்.

ஜூலை 28. திங்கள்.

ஒரு புழுகூடச் சாகவில்லை. கொழுத்திருக்கின்றன.

வாப்பா: “என்னட்டி, ஒங் கூலியாள் ஸ்டிரைக்கா?”

அழவில்லை. (கொஞ்சம்.) பட்டறையில் பம்பை மோந்து பார்த்தேன். மூக்கைக் குத்தும் நெடி. அடக் கழுதை! என்னைத்தான். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்தடிக்கிற பம்ப் அது. பிறந்ததிலிருந்து பார்க்கிற பம்ப்! என் படைக்கு நானே விஷம் வைத்திருக்கிறேன்.

இன்றே மறுபடி. புது வாளி, புதுத் துடைப்பம், மிச்சச் சோறு (விதைக்கு ஒரு கரண்டி வைத்துவிட்டு). தூறலில் நானும் மாமியும் முக்கி முக்கி உதறினோம்.

ரயில் வாசலில் தொங்கிய ஒருவன்: “பாகல் ஹை க்யா? பாரிஷ் மே பானி?” பைத்தியமா என்கிறான்; மழையில் தண்ணீர் ஊற்றுகிறோமாம். அவன் பக்கமும் ஒரு உதறல்.

ஆகஸ்ட் 10. ஞாயிறு.

வாப்பா டின்னோடு வந்தார். பிடுங்கி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மாமி ஒரு தண்டைப் பிளந்தார். புழு செத்திருந்தது. ஆனால் வெள்ளை இல்லை.

வாப்பா: “நீ நசுக்கியிருப்ப.”

“செத்து ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் வெளுக்கும்!”

மாமி புழுவைக் காலித் தீப்பெட்டியில் போட்டு வாப்பாவின் சட்டைப் பையில் வைத்தார். “போன வருசம் விழுந்தது நாந்தான் அண்ணே. மூணு நாள் பொறுக்கச் சொல்லுததும் நாந்தான்.”

வாப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பட்டறைக்குப் போனார்.

ஆகஸ்ட் 13. புதன்.

காலையில் பட்டறையிலிருந்து ஒரு அலறல். மூன்று சந்து தாண்டிக் கேட்டது. தீப்பெட்டிக்குள் வெள்ளை வெளேர்.

“அத்தையும் மருமகளுமா இந்தச் சனியன என் தோலுக்குப் பக்கத்துல கொண்டாற வச்சிட்டீங்களே!” ஐந்து தடவை கை கழுவினார். பிறகு, திறக்காத டின்னைக் கடையில் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போனார்.

ராத்திரி, சோற்றைப் பிசைந்தபடி: “பக்கத்துக் கொல்லைக்காரனும் கேக்கான். அந்தப் பாட்டில் இன்னும் இருக்கா?”

“இருக்கு வாப்பா. எங்கன்னு மட்டும் கேக்காதீங்க.”

பட்டறையில். தோல் அடுக்குக்குப் பின்னால்.