பாட்டில்லாத நாளில் பாட்டுக்காடு

என் பிரியத்துக்குரிய மதினிக்கு,

நாத்தனார் கடிதம் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். குறை சொல்ல எழுதவில்லை. நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. காரியம் முடிந்த கையோடு எழுத நினைத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு பிள்ளைக்கு இருமல், பிறகு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. என் பிந்தல் உங்களுக்குத் தெரியாததா? உங்கள் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய நாத்தனாரைக் காணோம் என்று மண்டபமே தேடியது. நான் பின்வாசலில் நின்று செருப்பு தொலைந்துவிடுமோ என்று காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆதிராவுக்கு மூன்றரை வயது. நன்றாகப் பேசுகிறாள். நான் இன்னமும் ராத்திரி எழுந்து அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். நீங்கள் சிரிப்பது தெரிகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தேன்மொழி போன் செய்தாள். சென்னையிலிருந்து வருடா வருடம் மாசியில் வந்து, பரளச்சி ரோட்டில் இருக்கும் நம் பன்னிரண்டு ஏக்கர் கரிசல் காட்டில் மூன்று நாள் இசைத் திருவிழா நடத்துகிற பெண். நீங்கள்தான் அவளைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தீர்களே. “அக்கா, அண்ணன் போனே எடுக்க மாட்றாங்க. இந்த வருசம் நிலம் உண்டா இல்லையா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, இல்லைன்னா வேற ஊர் பாக்கணும்” என்றாள்.

திருச்சுழிக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன். விதைக்கடையில் தராசைத் துடைத்துக்கொண்டே, “அவ இல்லாம யாரு பாக்குறது? வேண்டாம்னு சொல்லிரு” என்றார். “ஏன்னு கேப்பாளே?” என்றேன். “ஏன்னு கேட்டா, வேண்டாம்னு சொல்லிரு” என்றார். அந்தக் காட்டுப் பக்கம் அவர் கால் வைத்தே எத்தனையோ மாதமாகிவிட்டதாம். விதைப்புக்கு முன்னால் அங்கே விழாவில் மிஞ்சிக் கிடக்கும் கம்பு, வயர் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா என்று சாவியை மட்டும் கொடுத்தார்.

வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு எனக்கு வந்துவிட்டது. ஆனால் எதை வேண்டாம் என்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? ஐந்து வருடம் கூப்பிட்டீர்கள். ஒரு வருடமும் நான் வரவில்லை. கர்ப்பம், கைக்குழந்தை, கூட்டம், சத்தம், பிள்ளையின் காது என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம். ஊரே பாட்டுக்காடு என்று பெயர் வைத்துவிட்ட இடத்தைப் பாட்டில்லாத நாளில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆவணி வெயிலில், ஒரு கையில் பிள்ளை, மறு கையில் தண்ணீர், தொப்பி, முள்வாங்கி, காய்ச்சல் மருந்து எல்லாம் வைத்த பையோடு. அரைநாள் பயணத்துக்கு எதற்கு இவ்வளவு என்று பஸ் கண்டக்டர் கேட்டார். “திரும்பி வர்றதுக்குத்தான்” என்றேன்.

கேட்டைத் திறந்ததும் ஏமாற்றமாக இருந்தது. என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உழுது போட்ட கறுப்பு மண். நடுவே இடுப்பளவு மண்மேடு, முகப்பில் கல் பதித்திருந்தது. அதன்மேல் ஏழெட்டு வெள்ளாடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. மேடை அதுதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“பாட்டு எங்கம்மா?” என்றாள் ஆதிரா. நானும் அதைத்தான் தேடினேன்.

தேடத் தேடக் கிடைத்தது. வேப்பமரங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மஞ்சள் பெயிண்டில் எண்கள். கழிப்பறை என்று எழுதி அம்புக்குறி போட்ட ஒரு பலகை, அது காட்டிய திசையில் கருவேல முள்ளைத் தவிர ஒன்றுமில்லை. கேட்டிலிருந்து மேடை வரைக்கும் ஒரு தடம் மட்டும் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. கலப்பை அங்கே தோற்றுப்போய் விலகிப் போயிருக்கிறது. எத்தனை பாதம் குதித்திருந்தால் கரிசல் அப்படி இறுகும்? மேடை ஓரத்து வெடிப்பில் ஒரு குச்சியை விட்டுக் கிளறினேன். நுழைவுக்குக் கையில் கட்டிவிடும் துணிப்பட்டை ஒன்று வந்தது, நிறம் போய், முடிச்சு அவிழாமல். யார் கையிலிருந்து அது கழன்று விழுந்தது? ஆடினவளா, அழுதவளா?

மண்ணில் அங்கங்கே புழுக்கை கிடந்தது. முதல் வருடத்துக் கதையை நினைத்து அங்கேயே தனியாகச் சிரித்தேன். நிலத்துக்கு உரமாகட்டும் என்று பத்து ராத்திரி செம்மறி ஆடுகளை அங்கேயே அடைத்துக் கிடை போட்டு வைத்திருந்தீர்கள். வந்த பிள்ளைகள் காடெல்லாம் ஒரே அசிங்கமாக இருக்கிறது என்று ஆள் வைத்து, மிஷின் வைத்து, ஒரு புழுக்கை விடாமல் கூட்டி அள்ளி, மூட்டை கட்டி, ரோட்டோரம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள். கொட்டிவிட்டு உங்களிடம் வந்து, “எப்படிக்கா, பளிச்சுனு இருக்கா?” என்று வேறு கேட்டார்களாம். “நிலத்துக்குப் போட்ட சோத்தை அள்ளிக் கொட்டிட்டு எலையைக் கழுவி வச்சிருக்கீகளேடா!” என்று நீங்கள் கத்தியது பரளச்சி வரைக்கும் கேட்டதாம். மறு வருடத்திலிருந்து முதலில் பாட்டு, அப்புறம் உழவு, அப்புறம் கிடை என்று வரிசையை மாற்றினீர்கள். அதைப் போனில் சொல்லும்போது எவ்வளவு பெருமை உங்கள் குரலில்!

மேடைக்கு ஏறினேன். ஆடுகள் நகரவே இல்லை.

“டிக்கெட்டு எடுத்தீகளா?” என்று ஒரு குரல். வேப்பமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். உங்கள் வயது இருக்கும். ஆடுகள் அவருடையவை. “எங்கிட்டக் கேக்கீகளே, உங்க ஆடு எடுத்துச்சா?” என்றேன். “என் ஆட்டுக்கு ஓசிதேன். அஞ்சு வருசமா முன்வரிசை. போன தடவை ஒரு கெடா போஸ்டரத் தின்னுச்சு. பாடுறவன் மூஞ்சியை மட்டும் மிச்சம் வச்சிருச்சு, ருசி இல்ல போல.”

லெச்சுமி. உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. நான் யாரென்று சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. “கோமதியா நீங்க? பிள்ளையத் தரையில விடவே மாட்டாகன்னு சொல்லுவாகளே, அந்த நாத்தனாரா?”

வெட்கமாகிவிட்டது. அதனாலேயே ஆதிராவை இறக்கிவிட்டேன். பாருங்கள் மதினி, என் வீரத்தை. இறக்கிவிட்டு லெச்சுமியோடு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். ஓர் ஆட்டுக்குட்டி துள்ளி ஓட, அதன் பின்னால் இவள் ஓட, காட்டின் தென்மூலையில் ஆமணக்குச் செடிகள் மறைத்த பக்கமாக இருவரும் போக...

“ஏத்தா! பிள்ளையப் பிடி! அங்கிட்டுக் கெணறு கெடக்கு!”

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு எங்கேயோ போனது. சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துவிட்டேன். எங்களுக்கும் கிணற்றுக்கும் நடுவே இரண்டு ஆமணக்குச் செடிகள் இருந்தன. லெச்சுமி பிறகு அளந்து காட்டினார், பத்தடி இருந்ததாம். எனக்கு அது பத்தடியாகத் தெரியவில்லை.

மொட்டைக் கிணறு. சுற்றுச்சுவர் இல்லை. ஓர் ஓரத்தில் மட்டும் பழைய சுவரின் அடிக்கல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், நிற்கும் இடத்திலிருந்தே உள்ளே பச்சைத் தண்ணீர் தெரிந்தது.

“இத்தனை பேரு வர்ற எடத்துல இதை இப்படியா தொறந்து போட்டிருந்தாக?” கோபத்தில் என் குரல் கீச்சென்று போனது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கோபம் உங்கள் மேல்தான்.

லெச்சுமி என் தோளைத் தொட்டு, கிணற்றுக்கும் ஆமணக்குக்கும் நடுவே ஓர் இடத்தைக் காட்டினார். நான்கு கற்கள் தரையில் பதிந்திருந்தன. “கட்டில் போட்ட எடம். மூணு ராத்திரியும் ஒங்க மதினி இங்கனதேன் இருப்பாக. கையில டார்ச்சு. எவனாச்சும் தடம் மாறி வந்தா, ‘எங்கலே போற, அங்கிட்டுப் போ’ம்பாக. நான் டீ கொண்டாந்து குடுப்பேன்.”

“அப்ப பாட்டு?”

“பாட்டுக்கு முதுகைக் காட்டித்தேன் உக்காந்திருப்பாக, தாயி. கெணத்தைப் பாக்கணும்ல.”

சுவர் கட்டிப் பார்த்தீர்களாம். இரண்டு கோடை கூடத் தாங்கவில்லையாம். கரிசல் நனைந்தால் ஊதுகிறது, காய்ந்தால் பிளக்கிறது, சுவரைத் தள்ளிவிட்டது. கயிறு கட்டிப் பார்த்தீர்களாம். கூடாரத்துக்குக் கயிறு பற்றவில்லை என்று எவனோ அதை அறுத்துக்கொண்டு போய்விட்டானாம். ஆள் போட்டுப் பார்த்தீர்களாம். பாட்டு ஆரம்பித்ததும் காவல்காரன் மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தானாம். அதற்குப் பிறகு வேறு யாரையும் நம்பவில்லையாம் நீங்கள்.

“ஒரு நா சொன்னாக,” என்றார் லெச்சுமி. “‘ஊர்க் கெணத்துல ஒருத்தி விளுந்தா நாலு பேருக்குக் கேக்கும் லெச்சுமி. இம்புட்டுச் சத்தத்துல விளுந்தா யாருக்குக் கேக்கும்?’னு.”

நான் அந்தக் கற்களின் நடுவே உட்கார்ந்தேன். ஆதிராவை மடியில் இறுக்கிக்கொண்டேன். காற்று ஆமணக்கில் உரசும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. ஒரு மண்கட்டியை எடுத்துக் கிணற்றில் போட்டேன். நன்றாகவே கேட்டது. மாசியில் அது கேட்காது.

மதினி, எங்களிடம் என்ன சொன்னீர்கள் நீங்கள்? “வந்து பாரு கோமு, வானத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டே பாட்டுக் கேக்கலாம்” என்றுதானே? நீங்கள் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டீர்களா? முதுகில் வந்து மோதும் பாட்டு எப்படி இருக்கும்? இத்தனை பயத்தை வைத்துக்கொண்டு ஏன் ஒவ்வொரு வருடமும் அவர்களை வாருங்கள் என்று கூப்பிட்டீர்கள்? என்னைப் போல் பயந்தவள் வீட்டுக்குள் இருந்துவிடுவாள். நீங்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயத்துக்கு எதிரிலேயே போட்டிருக்கிறீர்கள். பயந்து கொண்டேவா உட்கார்ந்திருந்தீர்கள்? இதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

திரும்பும்போது திருச்சுழியில் இறங்கி நேராகக் கடைக்குப் போனேன்.

“அண்ணே, கெணத்துக்காகத்தான வேண்டாம்ங்கிறீக?”

தராசைத் துடைக்கும் கை நின்றது. கடையில் இருந்தவர்களுக்கு எடை போட்டு அனுப்பினார். பிறகு, “அவ காரியம் முடிஞ்ச மறுவாரம் போனேன். அந்தக் கட்டில்லதான் உக்காந்தேன். ஒரு மணி நேரம் முடியல கோமு. கெணத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும்னா... ஒருத்தி எப்படி மூணு ராத்திரி?” என்றார். துணியை மடித்து வைத்துவிட்டு, “கட்டிலை வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்” என்றார்.

அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை. விதை மூட்டைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நான் கணக்குப் படித்தவள். படித்ததை வைத்து இதுவரை ஆதிராவின் காய்ச்சல் ஏறி இறங்குவதற்குத்தான் கோடு வரைந்திருக்கிறேன். அன்று கடையின் பில் புத்தகத்துப் பின்னட்டையில் கிணற்றை வரைந்தேன். விளிம்பில் எதைக் கட்டினாலும் மண் தள்ளும். அப்படியானால் விளிம்பைத் தொடவே கூடாது. வெடிப்பு வராத தூரத்தில், இருபுறமும் நன்றாக வெளியே தள்ளி நீளமான இரும்புக் கர்டர்களைக் கிடத்தி, மேலே முழுக்கக் கம்பி வலை. மண் ஊதினால் மூடியும் சேர்ந்து அசையட்டும், என்ன கெட்டுப்போகிறது? மோட்டார் குழாய்க்கு ஒரு பூட்டுப் போட்ட கதவு. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “வெல்டிங் தங்கராசுட்ட கேக்கணும்” என்றார். பிறகு, “இங்கன இடைவெளி ஜாஸ்தி. பிள்ளை காலு போயிரும்” என்று ஓர் இடத்தில் விரலை வைத்தார். எனக்கே தோன்றாதது அது!

ஞாயிற்றுக்கிழமை தேன்மொழியிடம் பேசினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. மூடி போட்டு, அது ஒரு மழையும் ஒரு வெயிலும் தாங்கின பிறகு தையில் சொல்கிறேன், காத்திருக்க முடிந்தால் காத்திரு என்றேன். “நீங்க எதுக்குக்கா இதெல்லாம் இழுத்துப் போட்டுக்கறீங்க?” என்றாள். மதினி மூன்று ராத்திரி எங்கே இருந்தார் என்று தெரியுமா என்று கேட்டேன். “அக்கா கடைசி வரிசைல எங்கயோ இருப்பாங்க, கூட்டம் பிடிக்காதுன்னு நெனச்சோம்” என்றாள். சொன்னேன். பிறகு, “காத்திருக்கோம்க்கா” என்றாள்.

இன்று தங்கராசு கர்டரை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். நாளை வேலை ஆரம்பம். மதினி, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வலை போட்டு முடிந்ததும் வேறு யாரையும் ஏறவிட மாட்டேன். பிள்ளையை லெச்சுமியிடம் கொடுத்துவிட்டு நான் ஏறுவேன், கிணற்றின் நட்டநடுவுக்கு. நின்று பார்ப்பேன். கால் நடுங்கும், நடுங்கட்டும். பிறகு குதிப்பேன், மாசியில் அந்தப் பிள்ளைகள் குதிப்பார்களே அப்படி, என் எடை முழுவதையும் போட்டு, மூச்சு வாங்கும் வரை. அன்றும், மழைக்கும் வெயிலுக்கும் பிறகு தையிலும் அது தொய்யாமல் நின்றால்தான் தேன்மொழிக்கு வாங்க என்ற சொல் போகும்.

மூன்றாவது முடிச்சைப் பிந்திப் போட்டாலும் இறுக்கிப் போட்ட
உங்கள் நாத்தனார்,
கோமதி