ஐம்பத்திரண்டு வாரங்களில் நான்கு வாரங்கள் காணாமல் போனது குறித்து

அனுப்புநர்
இளநிலை உதவியாளர், கணக்குப் பிரிவு,
நீராவிச் சலவை நிறுவனம்.
(இஸ்திரிப் பிரிவு ஏழாம் மேசைப் பணியாளரின் மகள்)

பெறுநர்
தொழிலாளர் அலுவலர் அவர்கள்,
பகுதித் தொழிலாளர் அலுவலகம்.

பொருள்: மணிக்கூலியை மாதச் சம்பளமாக மாற்றும் கணக்கில் ஆண்டுக்கு நான்கு வாரம் விடுபடுவது – பதினான்கு பெண்கள் கையொப்பமிடும் முன் திருத்தித் தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளையும் விடுதித் துண்டுகளையும் துவைத்துத் தேய்த்து அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. என் தாயார் அங்கே பதினோரு ஆண்டுகளாக இஸ்திரி போடுகிறார். எனக்கு நேரில் பேச வராது. எழுத்தில் ஓரளவு வரும். ஆகவே இம்மனு.

2. இஸ்திரிப் பிரிவில் உள்ள பதினான்கு பெண்களுக்கும் மணிக்கு 60 ரூபாய் கூலி. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் வேலை. வராத நாளுக்குக் கூலி இல்லை, காய்ச்சலாக இருந்தாலும். இம்மாதம் ஐந்தாம் தேதி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. அடுத்த மாதம் முதல் இவர்கள் மாதச் சம்பளத்துக்கு மாற்றப்படுவர், ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு, ஆண்டு ஊதியம் 1,38,240 என்று அதில் இருந்தது. வேறு எந்தத் தொகையும் இல்லை.

3. மணிக்கணக்கில் வாழ்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கைப் பார்த்ததும் என்ன ஆகும் என்பதைத் தாங்கள் ஊகிக்கலாம். அன்று முதல் இஸ்திரி அறையில் எல்லோரும் லட்சாதிபதிகள். "லட்சாதிபதியம்மா, அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் தள்ளுங்க." "ஏன்டி, லட்சாதிபதி வீட்டுல வேலைக்காரி இல்லையா?" என்று நாள் முழுக்க ஒரே கும்மாளம். மூன்றாம் மேசை அக்கா தம் மருமகனிடம் இனி மரியாதையாகப் பேசும்படி சொல்லியனுப்பியதாகக் கேள்வி. என் தாயார் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல், "இனிமே நானும் மாசச் சம்பளக்காரி" என்றார்.

4. இதன் பெருமை தங்களுக்குப் புரிய ஒரு சிறு விவரம். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் 'பெற்றோர் மாத வருமானம்' என்ற கட்டம் இருந்தது. சன்னலில் இருந்த எழுத்தர் அதைக் கேட்டபோது என் தாயார், "மணிக்கு எவ்வளவுன்னு கேளுங்க சார், சொல்றேன்" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் கட்டம் வெறுமையாகவே போயிற்று.

5. கணக்காளர் தந்த பட்டியலை நான் தட்டச்சு செய்தேன். அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மாதம் 11,520 என்றிருந்தது. ஏழாவது பெயர் என் தாயாருடையது. சென்ற மாதம் அவர் இருபத்தாறு நாள் வேலை செய்து 12,480 வாங்கியிருந்தார். அவர் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளையும் நாட்காட்டியில் வட்டமிடுபவர். ஆகவே எனக்கு ஐயமில்லை.

6. கணக்காளரிடம் கேட்டேன். அவர் தங்கமானவர். தம் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் அட்டையைக் காட்டினார். மணியை எட்டால் பெருக்கினால் நாள், நாளை ஆறால் பெருக்கினால் வாரம், வாரத்தை நான்கால் பெருக்கினால் மாதம், மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கைப் பன்னிரண்டால் பெருக்கினால் நாற்பத்தெட்டு. ஆண்டில் வாரங்கள் ஐம்பத்திரண்டு. இதைச் சொன்னதும் அவர், "மாசத்துக்கு நாலு வாரந்தானேம்மா, சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே. இருபது வருஷமா இந்த அட்டைதான், ஒருத்தரும் வாயத் தொறக்கல" என்றார். இதே அட்டைப்படி நான்கு ஆண்டுக்கு முன் மாதச் சம்பளத்துக்கு மாறியவர் வேன் ஓட்டுநர் அண்ணன். அதிலிருந்து வீட்டில் காசு நிற்பதில்லை என்று அவர் இன்றுவரை தம் மனைவியைத்தான் குறை சொல்லி வருகிறார்.

7. சரியான கணக்கு, என் சிற்றறிவுக்கு எட்டியவரை: வாரத்துக்கு 2,880. ஐம்பத்திரண்டு வாரத்துக்கு 1,49,760. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 12,480. அட்டைப்படி கிடைப்பதோ 11,520. மாதத்துக்கு 960 குறைவு, ஆண்டுக்கு 11,520 குறைவு. அதாவது அவர்கள் தரப்போகும் ஒரு முழு மாதச் சம்பளம். பன்னிரண்டு நாள் விடுப்பைக் கொடுத்துவிட்டு இருபத்து நான்கு நாள் ஊதியத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

8. அட்டையின் அடியில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு. விடுப்பு தீர்ந்தபின் வராத நாளுக்குப் பிடிக்க, மாதச் சம்பளத்தை 24ஆல் வகுக்க வேண்டும்: 480. கூடுதல் நேரத்துக்குக் கொடுக்க, அதே சம்பளத்தை 30ஆல் வகுத்து, பிறகு எட்டால் வகுக்க வேண்டும்: மணிக்கு 48. பிடிக்கும்போது மாதத்துக்கு இருபத்து நான்கு நாள், கொடுக்கும்போது முப்பது நாள். கூடுதல் நேரத்துக்கு விதிப்படி எவ்வளவு என்பதைத் தாங்களே அறிவீர்கள். அடிப்படை மணிக்கூலியே அறுபதிலிருந்து நாற்பத்தெட்டாக இறங்குகிறது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

9. எதை எதனால் வகுப்பது என்பதில் எங்கள் வீட்டிலேயே ஒரு வழக்கு நடந்தது. என் வேலை உத்தரவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று இருந்தது. என் தந்தையார் நாளுக்கு 550 கூலிக்கு மூட்டை தூக்குபவர். அவர் என் சம்பளத்தை 365ஆல் வகுத்து 493 என்று கண்டு, "காலேஜ் படிச்சவளுக்கு என்னைவிட ஐம்பத்தேழு கம்மியா?" என்று சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்துவிட்டார். என் தாயார்தான், "ஞாயித்துக்கிழமை நீங்க மூட்டை தூக்குறீங்களா? அவளுக்கு மட்டும் எதுக்கு அதையும் சேர்த்து வகுக்குறீங்க?" என்றார். வேலை நாட்கள் 312ஆல் வகுத்தோம். 577 வந்தது. இருபத்தேழு கூட என்ற செய்தி அன்று மாலையே தெருமுனைக் கடைவரை போய்விட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த என் தாயாருக்கு, தம் சம்பளத்தை யாரோ வகுத்த கணக்கு மட்டும் காட்டப்படவில்லை.

10. மேலாளரிடம் சொல்ல மூன்று முறை போனேன். இரண்டு முறை கதவுவரை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை உள்ளே போய், கோப்பு ஏதும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அவர் வேண்டாம் என்றதும் வந்துவிட்டேன். மறுநாள் ஒரு தாளில் கணக்கை எழுதி அவர் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, பிடிக்கவில்லையென்றால் எல்லோரும் பழையபடி மணிக்கூலியிலேயே இருக்கட்டும், திட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று கணக்காளர் மூலம் சொல்லியனுப்பினார்.

11. நேற்று உணவு இடைவேளையில் இஸ்திரி அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே நேரத்தில் பதினான்கு பேர் முன் நான் பேசியது இதுவே முதல் முறை. மூன்றாம் மேசை அக்கா, "அட, லட்சாதிபதி ஆகுறதுக்கு முன்னாடியே திருடு போயிடுச்சே" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மேசை வாரியாக வந்து இம்மனுவுக்கான தாளில் கையெழுத்துப் போட்டார்கள். என் தாயார் மட்டும் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு, "மாசச் சம்பளம்கிறது அப்படியே இருக்கட்டும், தொகையை மட்டும் சரி பண்ணச் சொல்லு. ரெண்டையும் எழுதினாத்தான் கையெழுத்து" என்றார். எழுதிக் காட்டிய பிறகே போட்டார்.

12. ஆகவே தாங்கள் இத்திட்டத்தை நிறுத்தாமல், மாதச் சம்பளத்தையும் விடுப்பையும் அப்படியே இருக்கவிட்டு, கணக்கை மட்டும் ஐம்பத்திரண்டு வாரத்துக்குத் திருத்த உத்தரவிட வேண்டுகிறோம். பிடிப்பதற்கும் கொடுப்பதற்கும் ஒரே எண்ணால் வகுக்கச் செய்யவும் வேண்டுகிறோம். கணக்காளர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். அட்டையை மாற்றினால் போதும், புது அட்டையை நானே எழுதித் தருகிறேன். வேன் ஓட்டுநர் அண்ணனின் மனைவிக்கும் உண்மை தெரிவிக்கப்பட்டால் நல்லது. ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டிய நாள் வரும் 30ஆம் தேதி, காலை பத்து மணி. அதற்குள் தாங்கள் ஒருமுறை வந்தால் போதும். இஸ்திரி அறை மாடிப்படிக்கு இடப்புறம், சூட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

13. தங்கள் அலுவலகம் ஒவ்வொருவருக்கும் தந்த மனுப் படிவத்தின் முதல் பக்கத்திலும் 'மாத வருமானம்' என்ற கட்டம் இருக்கிறது. என் தாயாரின் படிவத்தில் அதை வெறுமையாக விட அவர் சம்மதிக்கவில்லை. 12,480 என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். அதன் மேல் பேனாவால் எழுதிக்கொள்ள, தங்கள் உத்தரவை எதிர்நோக்கியிருக்கிறோம்.

பணிவுடன்,
(கையொப்பம்)
இளநிலை உதவியாளர், கணக்குப் பிரிவு

நாள்: 21 செப்டம்பர்
இடம்: இஸ்திரி அறை, ஏழாம் மேசை

இணைப்பு: 1. அறிவிப்பின் நகல். 2. அட்டையைப் பார்த்து நான் கையால் எழுதிய நகல் (கணக்காளரின் அனுமதியுடன்). 3. பதினான்கு பேரின் கையொப்பமும் மனுப் படிவங்களும். 4. வட்டமிட்ட நாட்காட்டித் தாள் ஒன்று – பார்த்தபின் திருப்பித் தரவும், மறுபக்கத்தில் அடுத்த மாதம் இருக்கிறது.